வாயிற்கதவில் படித்தது

நெதெல்யா கானேவா முப்பத்தொரு வருடம் ஒரே ஊரில், ஒரே வகுப்பறையில் பாடம் நடத்தியவள். ஸ்துதேனா என்ற அந்த ஊரில் அவளுக்குத் தெரியாத பிள்ளை கிடையாது. பெரும்பாலும் பிள்ளையின் தாய்க்கும் அவள்தான் எழுத்துச் சொல்லிக்கொடுத்திருப்பாள். செப்டம்பர் பதினைந்தாம் தேதி பள்ளி திறக்கும்போது ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கம் என்று அவளுடைய நோட்டு தயாராக இருக்கும். யார் இடதுகைக்காரன், யாருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, எந்த வீட்டில் அப்பா குடித்துவிட்டு வந்தால் பிள்ளைகள் கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இதில் ஒன்றைக்கூட அவள் யாரிடமும் கேட்டு எழுதியதில்லை. கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை.

2011 ஜூன் மாதம் ஸ்துதேனா பள்ளியை மூடினார்கள். கடைசி வருடம் அங்கே படித்தது ஆறே பேர். ஊரில் இளம் வயதுக்காரர்கள் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் போய்விட்டார்கள். இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த தோல்னா க்ருஷா என்ற ஊருக்கு நெதெல்யாவை மாற்றினார்கள். இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் சேர்ந்த ஒரே அறை, பதினோரு பிள்ளைகள். அப்போது அவளுக்கு வயது ஐம்பத்தாறு. கணவன் இறந்து ஒன்பது வருடம். அந்தப் பதினோரு பேரில் ஒருவரையும் அவளுக்குத் தெரியாது.

பள்ளி திறக்க எட்டு நாள் இருக்கும்போது, செப்டம்பர் ஏழாம் தேதி புதன்கிழமை, காலை ஆறு நாற்பது பஸ்ஸில் அவள் தோல்னா க்ருஷா வந்து இறங்கினாள். கையில் பள்ளி கொடுத்த பெயர்ப் பட்டியல். பதினோரு பிள்ளைகள், இரண்டு பேர் அண்ணன் தம்பி, ஆக பத்து வீடுகள். எல்லா வீட்டையும் பார்த்துவிட்டு, பதினொரு பக்கமும் எழுதிக்கொண்டு, மாலை பஸ்ஸில் திரும்புவதாகத் திட்டம்.

ஊர் நடுவில் இருந்த கடையில் காபி குடிக்க உட்கார்ந்தாள். கடைக்காரி வெர்கினா காபியை வைத்துவிட்டு எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"புது டீச்சரம்மாவா? புருஷன் இருக்காரா?"

"இறந்துட்டார்."

"குடியா?"

"இல்ல. இதயம்."

"அடக்கடவுளே. பிள்ளைங்க?"

"இல்ல."

"ஒண்ணுகூடவா? யார் பக்கம் குறை, உங்க பக்கமா, அவர் பக்கமா?"

நெதெல்யா பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். இந்த ஊரில் ஆளை நிறுத்தி வைத்துத் தோலை உரித்துப் பார்ப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாள். அன்று முழுவதும் வேறு யாரிடமும் ஒரு வார்த்தை அதிகமாகக் கேட்கக்கூடாது என்று தீர்மானித்துக்கொண்டாள்.

ஒன்பது வீடுகளில் கதவு திறந்தது. எல்லா முற்றத்திலும் தகரப் பீப்பாய்மேல் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கோட்டு முழுக்க அந்தக் கருகல் வாசனை. பத்தாவது வீடு ஊர்க்கோடியில் இருந்தது. பட்டியலில் அந்த வீட்டுப் பிள்ளையின் பெயர் ரூமெனா, மூன்றாம் வகுப்பு. தாய்: வெலிகா தோனேவா. தந்தை என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும்.

அந்த வீட்டில் யாரும் இல்லை. நாய் ஒன்று சங்கிலி நீளத்துக்கு ஓடிவந்து குரைத்தது. வாயிற்கதவில் கறுப்பு ரிப்பன் முடிச்சு, அதன் கீழே ஆணியடித்த அஞ்சலித் தாள். சாவு விழுந்த எல்லா வீட்டுக் கதவிலும் இருப்பதுதான். ஆகஸ்ட் கடைசியில் பெய்த ஆலங்கட்டி மழையில் மை ஊறி, படம் இருந்த இடம் நீலக் கறையாகப் போயிருந்தது. வயது இருந்த வரியும் இல்லை. மிஞ்சியதை அவள் இரண்டு முறை படித்தாள். 'ஆகஸ்ட் 11 அன்று எங்களை விட்டுப் பிரிந்தார் வெலிகா தோனேவா. துயரத்தில் வாடும் குடும்பத்தார்.'

பட்டியலை எடுத்துப் பெயரைச் சரிபார்த்தாள். எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. முப்பத்தொரு வருடமாக ஒரு தகவலை இன்னொன்றோடு வைத்துப் பார்த்து, இரண்டும் பொருந்தினால் மட்டுமே எழுதியவள் அவள். அங்கேயே நின்று எழுதினாள்: 'ரூமெனா. தாய் இறந்து நான்கு வாரம். தந்தை இல்லை. மிகுந்த கவனம் தேவை.'

பக்கத்து வீட்டு வேலிக்கு அந்தப்புறம் ஒரு பெண் மிளகாய்த் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கலாம். சாவு வீட்டு வாசலில் நின்று, முகம் தெரியாத ஒருத்தியிடம் செத்தது யார், எப்படி என்று விசாரிப்பதா என்று நெதெல்யாவுக்குக் கூச்சமாக இருந்தது. காபிக் கடைக்காரி மாதிரித் தானும் ஆகிவிடுவோமோ என்றும் இருந்தது. தலையசைத்துவிட்டு நடந்தாள்.

பதினைந்தாம் தேதி வியாழக்கிழமை பள்ளி திறந்தது. கொடி ஏற்றினார்கள். வருடம் தண்ணீர் போலத் தடையில்லாமல் ஓட வேண்டும் என்று வாசற்படியில் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினார்கள். நெதெல்யாவின் மேசைமேல் டேலியாப் பூக்கொத்துகள் குவிந்தன. அவற்றில் ஒன்று தோட்டத்தில் பறித்து நூலால் கட்டியது. அதைக் கொண்டுவந்தவள் எட்டு வயதுப் பெண், மெலிந்தவள், புருவம் அடர்ந்தவள். அதுதான் ரூமெனா.

முதல் பாடம் அறிமுகம். ஒவ்வொருவராக எழுந்து பெயர், வீட்டில் யார் யார், அம்மா என்ன வேலை, அப்பா என்ன வேலை என்று சொல்ல வேண்டும். பாதிப் பேர் "அம்மா இத்தாலி, அப்பா ஜெர்மனி" என்று பெருக்கல் வாய்ப்பாடு போல ஒப்பித்தார்கள். ரூமெனாவின் முறை வந்தது.

"என் பேரு ரூமெனா. வீட்டுல தாத்தா கிரில் இருக்காரு. எங்க அம்மா..."

"போதும் கண்ணு. நல்லாச் சொன்னே. உட்காரு."

"அம்மா பத்தி இன்னும் சொல்லலையே டீச்சர்."

"பரவாயில்ல. உட்காரும்மா."

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கமேலியா விடவில்லை. "அதெப்படி டீச்சர்? எல்லாரும் சொன்னோம். இவளுக்கு மட்டும் பாதிதானா?"

இடைவேளையில் நெதெல்யா கமேலியாவை ஜன்னலோரம் கூட்டிப்போனாள். நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். "பாரும்மா, நீ பெரிய பொண்ணு. அவளுக்கு இப்ப அம்மா இல்ல. அவகிட்ட அம்மா பேச்ச எடுக்காதே. அன்பா இரு."

கமேலியா அன்பாகத்தான் இருந்தாள். மதியம் தன் சாக்லேட் வேஃபரை முழுசாக ரூமெனாவின் கையில் வைத்தாள்.

"எதுக்கு?"

"உங்க அம்மா செத்துப்போச்சாமே. டீச்சர் சொன்னாங்க."

"போடி. அது பெரிய பாட்டி."

"உங்க கேட்டுல இருக்கற பேரு யாரோடது?"

"பெரிய பாட்டியோடது. வெலிகா."

"உங்க அம்மா பேரு?"

அம்மா பெயரும் வெலிகாதான். தாத்தா கிரில் தன் தாயின் பெயரைத்தான் தன் மகளுக்கு வைத்திருந்தார். அந்த ஊர் வழக்கம் அது. ரூமெனாவின் அம்மா கல்யாணம் செய்துகொள்ளாததால் குடும்பப் பெயரும் மாறவில்லை. வீட்டில் ஒரு வெலிகா சமையலறையில் இருந்தாள், ஒரு வெலிகா போனில் இருந்தாள். குழந்தைக்கு அதுவரை அதில் குழப்பமே இருந்ததில்லை.

அவள் நேராக ஆசிரியையின் மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், உங்க நோட்டுல எங்க அம்மா பத்தி எழுதியிருக்கா?"

தன் கஷ்டத்தைக் குழந்தை இப்போதுதான் வாய்விட்டுச் சொல்கிறது என்று நெதெல்யா நினைத்தாள். தோளை அணைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும்டா கண்ணு."

"எந்தத் தேதின்னு இருக்கு?"

"ஆகஸ்ட் பதினொண்ணு."

ரூமெனா விரல்விட்டு எண்ணினாள். இத்தாலியில் இருந்த அம்மா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போன் செய்வாள். ஆகஸ்ட் 7 அன்று செய்தாள். ஆகஸ்ட் 14, 21, 28, செப்டம்பர் 4, 11. ஐந்து ஞாயிறு போன் வரவில்லை. போன் கெட்டுப்போச்சு என்று தாத்தா சொன்னார். பெரிய பாட்டி செத்த அன்று அவளை நகரத்தில் இருந்த தாத்தாவின் தங்கை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சவப்பெட்டியையோ முகத்தையோ அவள் பார்க்கவில்லை.

"சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை அவள் பள்ளிக்கு வரவில்லை. எட்டரை மணிக்குக் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார் கிரில் தோனேவ், அறுபத்துமூன்று வயது, ரப்பர் பூட்ஸில் சேற்றோடு.

"நீங்கதான் டீச்சரா? என் பொண்ணக் கொன்னவங்க நீங்கதானா?"

நெதெல்யா அவரை வராந்தாவுக்கு அழைத்துப் போனாள். அங்கே நின்று அவர் குரலை உயர்த்தினார்.

"எங்க அம்மாங்க அது! எம்பத்தாறு வயசு! கதவுல இருந்த பேரப் பாத்துட்டு எழுதுனீங்களா? ஏன், எனக்கு வாய் இல்லையா? பக்கத்து வீட்டுக்காரிக்கு வாய் இல்லையா? அந்த வெர்கினாவுக்கு இருக்கற வாய் இந்தக் கண்டத்துலயே யாருக்கும் கிடையாது, அவளக் கேட்டிருந்தா எங்க அம்மாவோட பல்லு எத்தனைன்னுகூடச் சொல்லியிருப்பா!"

"என் தப்புதான். முழுக்க என் தப்பு. நான் வந்து குழந்தைகிட்டச் சொல்றேன்."

"சொல்லுங்க. நான் ராத்திரியெல்லாம் சொன்னேன். பாட்டி போட்டோவக் காட்டினேன். படத்த மாத்திட்டீங்கங்கறா. கல்லறைக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க மரச்சிலுவையில என்ன எழுதியிருக்கு? வெலிகா தோனேவா. அதப் பாத்துட்டுத் தரையில உக்காந்துட்டா. இத்தாலி நம்பருக்குப் போட்டா ஸ்விட்ச் ஆஃப்."

"எப்பலேர்ந்து?"

கிரில் தொப்பியைக் கழற்றினார். குரல் இறங்கியது. "ஆகஸ்ட்லேர்ந்து. அவ பாட்டி செத்ததச் சொல்லக்கூட எனக்கு வழி இல்ல. உண்மையச் சொல்லட்டுமா டீச்சரம்மா? எனக்கும் இப்ப பயமா இருக்கு."

மாலை அவள் அந்த வீட்டுக்குப் போனாள். ரூமெனா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தான் கதவில் படித்ததையும், மழையில் வயது அழிந்துபோயிருந்ததையும், யாரையும் கேட்காமல் எழுதியதையும் நெதெல்யா ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"தாத்தா உங்களச் சொல்லச் சொன்னாரா?" என்று சுவரிடம் கேட்டாள் குழந்தை.

"இல்லடா."

"நேத்து எனக்குத் தெரியும்னு சொன்னீங்க."

தாயின் குரலைக் கேட்டால் ஒழிய இந்தக் குழந்தை இனி எதையும் நம்பாது என்று நெதெல்யாவுக்குப் புரிந்தது. அந்தக் குரலைக் கண்டுபிடிக்க வேண்டியவள் தான்தான் என்பதும் புரிந்தது.

இந்த முறை எல்லோரையும் கேட்டாள். முதலில் வெர்கினாவை.

"இப்பத்தான் என் ஞாபகம் வந்துச்சா டீச்சரம்மா?" என்றாள் அவள். "நான் உங்ககிட்ட எத்தனை கேட்டேன்! பதிலுக்கு நீங்க ஒண்ணே ஒண்ணு கேட்டிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?" திட்டிவிட்டு, இத்தாலிக்கு வாரம் ஒருமுறை ஆட்களையும் பொட்டலங்களையும் கொண்டுபோகும் பஸ் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நகரத்திலிருந்து புறப்படும், ஓட்டுநருக்கு எல்லாரையும் தெரியும் என்று சொன்னாள்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கே நெதெல்யா அங்கே நின்றாள். பஸ்ஸின் வயிற்றுக்குள் ஜாம் பாட்டில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஓட்டுநர் நிமிராமலே பேசினான்.

"தோல்னா க்ருஷா வெலிகாவா? போன வாரம்கூடப் பாத்தேனே. அங்க பார்மாங்கற ஊர்ல ஒரு ரொட்டிக் கடையில நிக்கறா. ஏன், என்ன ஆச்சு?"

"நல்லா இருக்காளா?"

"ரொட்டிக் கடையில இருக்கறவங்க மாதிரி இருக்கா. கொஞ்சம் குண்டாயிட்டா." தன் போனைத் தேடி ஒரு எண்ணைக் கொடுத்தான். "நான் கொடுத்தேன்னு சொல்லாதீங்க. யாருக்கும் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கா."

பஸ் நிலையப் பெஞ்சில் உட்கார்ந்து நெதெல்யா அந்த எண்ணை அழைத்தாள். நான்காவது மணியில் ஒரு பெண் இத்தாலிய மொழியில் பேசினாள்.

"வெலிகா? நான் ரூமெனாவோட டீச்சர் பேசறேன்."

கடைச் சத்தம் கேட்டது. பிறகு அவள் வெளியே வந்துவிட்டதுபோலக் காற்றுச் சத்தம்.

"அவளுக்கு என்ன ஆச்சு?"

நெதெல்யா சொன்னாள். பாட்டி இறந்ததை முதலில். அதைக் கேட்டு வெலிகா அழுதாள். பிறகு தாள், நோட்டு, ஆகஸ்ட் பதினொன்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஸ்கூல் திறக்கறதுக்குள்ள வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேன் டீச்சர். ஜூலையில சொன்னேன். இங்க ஒருத்தரோட இருக்கேன். அவருக்கு எனக்குக் குழந்தை இருக்கறதே தெரியாது. சொல்லலாம்னு பாத்தேன், முடியல. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவ, இன்னும் எத்தன நாள்னு எண்ணிக்கிட்டே இருப்பா. நம்பர மாத்திட்டேன்."

"அவ நீங்க செத்துட்டீங்கன்னு நினைக்கறா."



"ஒருவேள அப்படியே நினைச்சுக்கட்டுமே டீச்சர்."

நெதெல்யா வாழ்க்கையில் யாரிடமும் குரல் உயர்த்தியவள் அல்ல. அந்தப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அந்தச் சாவு நான் எழுதுனது. என் கையால எழுதுனது. அத நீங்கதான் அழிக்க முடியும், என்னால முடியாது. நாளைக்கு ரெண்டு மணி. உங்க அப்பா நம்பருக்கு."

ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரின் பழைய காரில் வந்து இறங்கினாள். கிரில் மேசைமேல் போனை வைத்துவிட்டு, அதை ஒரு பாத்திரத்தில் கொதிக்கும் எதையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். ரூமெனாவைக் கட்டிலிலிருந்து எழுப்பி உட்காரவைத்திருந்தார்கள். தலை வாரவில்லை. இரண்டு மணி ஏழு நிமிடத்துக்கு மணி அடித்தது. கிரில் ஸ்பீக்கரைப் போட்டார்.

"ரூமெனா? நான்தான்டா. அம்மா."

குழந்தை போனைத் தொடவில்லை. தூரத்திலிருந்தே கேட்டாள். "நான் எந்த மரத்துலேர்ந்து விழுந்தேன்?"

"என்னடா?"

"எந்த மரத்துலேர்ந்து?"

"ப்ளம் மரம். கிணத்துக்கிட்ட இருக்கே, அது. இடது கை உடைஞ்சுது. கட்டுமேல நான் பூனை வரைஞ்சேன், நீ அது ஆடுன்னு சொன்னே."

கிரில் முகத்தை மூடிக்கொண்டார். நெதெல்யா மூன்று நாளில் முதல்முறையாக முழு மூச்சு விட்டாள்.

"நிஜமாவே உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன் கண்ணு. இருக்கேன்டா. பாரு, பேசறேனே."

"உடம்பு சரியில்லையா?"

"இல்லடா. நல்லா இருக்கேன்."

"போன் கெட்டுப்போச்சா?"

பதில் வரவில்லை. ரூமெனா காத்திருந்தாள். அவளுடைய அடர்ந்த புருவம் மெல்லச் சுருங்கியது. ஒரு கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கும் பிள்ளையின் முகம் அது. நெதெல்யா அந்த முகத்தைப் பல வருடமாகப் பல பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறாள். விடை கிடைக்கும் நேரத்தில் அது மலரும். இது மலரவில்லை.

"ரூமெனா, கேளுடா, நான் சீக்கிரமே..."

"எனக்கு வீட்டுப்பாடம் இருக்கு" என்றாள் குழந்தை. எழுந்து வந்து, சிவப்புப் பொத்தானை விரலால் அழுத்தினாள்.

கிரில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நெதெல்யா அவரைக் கையமர்த்தினாள். குழந்தைக்கு எதிரில் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள், முழங்கால் வலித்தது.

"பாத்தியா, அம்மா நல்லா இருக்காங்க. நான் எழுதினது தப்பு. என்ன மன்னிச்சிடு."

"செத்துப்போனவங்களால போன் பண்ண முடியாது" என்றாள் ரூமெனா. கோபமில்லாமல், பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "மூணு நாளா அப்படித்தான் நினைச்சேன். பாவம் அம்மான்னு நினைச்சேன்."

வெளியே நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு இங்குமங்கும் நடந்தது.

"நாளைக்கு ஸ்கூலுக்கு வருவியா?" என்று கேட்டாள் நெதெல்யா.

"வருவேன். தாத்தா வரச் சொல்றாரு." சற்று யோசித்தாள். "ஆனா நீங்க என்னப் பத்தி எதுவும் எழுதாதீங்க. எதுவும் கேக்காதீங்க. கணக்கு மட்டும் கேளுங்க."

"சரிம்மா."

மறுநாள் ரூமெனா வந்தாள். கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நெதெல்யா அந்தப் பள்ளியில் இரண்டு வருடம் வேலை பார்த்தாள். பிறகு அதையும் மூடினார்கள். அதற்குள் மற்ற பத்துப் பேரின் பக்கங்களும் நிறைந்து, ஓரத்திலும் எழுத இடமில்லாமல் போயிருந்தது. பதினோராவது பக்கத்தில் அவள் முதலில் எழுதிய மூன்று வரியையும் அடித்தாள். அதன் கீழே எதுவும் எழுதவில்லை. கேட்கவும் இல்லை. கணக்கில் மட்டும் ரூமெனா எப்போதும் முழு மதிப்பெண் வாங்கினாள்.